கெட்டில் விவகாரத்தில் கஷ்டமான நபர்

ஜூன் 2, திங்கள்

இன்று காலை ஆன்லைன் நேர்முகத் தேர்வில் நான் உறைந்துபோய்விட்டதாக முடிவுசெய்து இணைப்பைத் துண்டித்துவிட்டார்கள். நான் உறையவில்லை. யோசித்துக்கொண்டிருந்தேன்.

கேள்வி இதுதான்: "உங்க பழைய ஆபீஸ்ல ஒரு கஷ்டமான நபரை எப்படி சமாளிச்சீங்க? ஒரு சம்பவம் சொல்லுங்க."

பள்ளிப் பாடங்களுக்கு நோட்ஸ் போடும் பதிப்பகத்தில் நான்கு வருடம் மெய்ப்புத் திருத்தியிருக்கிறேன். என்னையும் சேர்த்து ஐந்து பேர். ஒவ்வொருவராக மனதில் நிறுத்தி, இவர் கஷ்டமானவர்தானா என்று நியாயமாக எடைபோட்டேன். மேனேஜர் சத்தம் போடுவார்; ஆனால் வீட்டில் வாயே திறக்க முடியாதவர். டிடிபி அண்ணன் குறட்டை விடுவார். ஆனால் மதிய இடைவேளையில் மட்டும். மூன்றாவது ஆளுக்கு வந்தபோது திரையிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"மேடம் ஃப்ரீஸ் ஆயிட்டாங்க போல."

"கண்ணு சிமிட்டற மாதிரி இருக்கே?"

"அது நெட்வொர்க் சார்."

பதிப்பகம் மே பதினாறாம் தேதி மூடப்பட்டது. இந்த விடுதியோ வேலை பார்க்கும் பெண்களுக்கானது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லோரும் வேலைச் சான்றைக் காட்ட வேண்டும். காட்ட முடியாதவர் கட்டிலைக் காலிசெய்ய வேண்டும். அடுத்த சரிபார்ப்பு ஜூன் 30. முப்பத்திரண்டாம் எண் அறையில் என்னுடையது ஜன்னலோரக் கட்டில். பீளமேட்டில் இவ்வளவு வெளிச்சம் வரும் ஜன்னல் வேறெங்கும் கிடைக்காது. போக நேர்ந்தால் ஜன்னலுக்காக வருத்தப்படுவேன். வேறு காரணம் ஒன்றும் இல்லை.

ஜூன் 3, செவ்வாய்

மதுரையிலிருந்து அம்மா போனில். ஆபீஸ் எப்படி இருக்கிறது என்று கேட்டாள். புது ஃபேன் மாட்டினார்கள் என்றேன். மாட்டியவர் பெயர் செபாஸ்டியன் என்றும் சொன்னேன்.

ஜூன் 5, வியாழன்

வேலை போனதை அறைத்தோழிகளிடம் நான் சொல்லியிருக்கவில்லை. யாரும் கேட்கவில்லையே. தினமும் காலையில் கிளம்பி நூலகத்துக்குப் போய் மாலையில் திரும்பிக்கொண்டிருந்தேன். இன்று சௌடேஸ்வரி வாசலை மறித்துக்கொண்டாள். சிறுமுகைக்காரி. மில்லில் நூலின் தரம் பார்ப்பவள்.

"ஏம்புள்ள அங்கை, இருவது நாளா சோத்து டப்பா இல்லாமப் போறே. நாங்க என்ன குருடா?"

அங்கயற்கண்ணி என்ற என் பெயரை இவ்வளவு குறுக்கியது அவள்தான். எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதாயிற்று. உடனே மாதிரி நேர்முகம் நடத்தினார்கள். சௌடேஸ்வரி தலைக்குக் குளித்துவிட்டுக் கட்டிய துண்டோடு ஹெச்.ஆர். ஆனாள். நர்ஸ் ஜெஸிந்தா இரவுப் பணி முடிந்து வந்து, கண்ணை மூடிப் படுத்தபடியே குழுவின் இரண்டாவது உறுப்பினர் ஆனாள்.

"உங்க லீடர்ஷிப்புக்கு ஒரு உதாரணம் சொல்லுங்க."

"எங்க ஆபீஸ்ல அதுக்கெல்லாம் இடமே இல்ல. அஞ்சு பேருக்கு நாலு நாற்காலி."

"அஞ்சாவது ஆளு?"

"நான் நின்னுக்கிட்டே திருத்துவேன்."

"அது லீடர்ஷிப் இல்ல புள்ள. அது நாற்காலி இல்ல, அவ்ளோதான்."

ஜெஸிந்தா கண்ணைத் திறக்காமலே பேசினாள். "எனக்க இன்டர்வியூலயும் இதத்தான் கேட்டாவ. ஒரு தாத்தா கையில சலைன் பாட்டிலோட ஆட்டோ ஸ்டாண்டு வரைக்கும் ஓடிட்டாரு, நான் பொறத்தால ஓடிப் புடிச்சேன்னு சொன்னேன். அப்பமே வேல தந்தாவ."

"அதுல என்ன திறமை?"

"ஓட்டம்தான் மக்களே."

ஜூன் 8, ஞாயிறு

யூடியூபில் நீலக் கோட்டுப் பயிற்சியாளர் ஒருவர். ஒவ்வொரு பதிலும் நாலடுக்கு டிபன் கேரியர் மாதிரி இருக்க வேண்டுமாம்: சூழ்நிலை, பொறுப்பு, செயல், விளைவு. "நாங்க பண்ணோம்னு சொல்லாதீங்க! நான் பண்ணேன்னு சொல்லுங்க!" என்று நெஞ்சில் குத்திக்கொள்கிறார்.

நம் அரசர்கள் இதில் தேர்ந்தவர்கள். எந்த மெய்க்கீர்த்தியை எடுத்தாலும், சூழ்நிலை: கடலுக்கு அப்பால் ஒரு நாடு. பொறுப்பு: அதை வெல்வது. செயல்: வென்றது. விளைவு: கல்வெட்டு. படகு வலித்தவன் பெயர் எதிலும் இல்லை. அவனை நேர்முகத்துக்கு அழைத்திருந்தால் "எல்லாரும் சேந்து துடுப்புப் போட்டோம்" என்றிருப்பான். வேலை கிடைத்திருக்காது.

துணி துவைத்தேன். மொட்டை மாடிக் கொடியில் இடமில்லை.

ஜூன் 10, செவ்வாய்

இரண்டாவது நேர்முகம், ஒரு கோச்சிங் சென்டரில். "உங்க தோல்வி ஒண்ணைச் சொல்லுங்க." இந்த முறை மௌனம் கூடாது என்று தயாராகப் போயிருந்தேன். ஏழாம் வகுப்பு அறிவியல் நோட்ஸில் செரிமான மண்டலத்தின் படம் தலைகீழாக அச்சானதையும், நான் கவனிக்காமல் விட்டதையும், எட்டாயிரம் பிரதிகள் போனதையும், ஒரு மாவட்டம் முழுக்கப் பிள்ளைகள் வயிற்றுக்கு மேலே வாய் இல்லை என்று நம்பியதையும் பதினோரு நிமிடம் சொன்னேன்.

"விளைவு?" என்றார்கள்.

"அந்த வருஷம் அந்தக் கேள்வி வரலை."

வாசல் வரை வந்து வழியனுப்பினார்கள். நல்ல அறிகுறி அல்ல.

ஜூன் 12, வியாழன்

சௌடேஸ்வரி ஒரு காகிதத்தோடு ஓடிவந்தாள். அவள் மில்லின் முதலாளிகளுக்கே ஒரு வெட் கிரைண்டர் கம்பெனியும், ஒரு பொறியியல் கல்லூரியும், ஒரு கண் மருத்துவமனையும் உண்டு. கோயம்புத்தூரில் பெரிய குடும்பங்கள் அப்படித்தான். எல்லாவற்றுக்கும் ஆள் எடுப்பது ஒரே அலுவலகம். கிரைண்டர் கம்பெனியில் வாடிக்கையாளர் குறைகேட்கும் பணி காலியாம். இருபத்து நான்காம் தேதி நேர்முகம்.

"கல்லு சுத்தல, மாவு நைசா வல்லேன்னு போன் வரும். நீ பதில் சொல்லோணும்."

"எழுத்துலயா?"

"வாயில புள்ள, வாயில!"

ஜூன் 14, சனி

எனக்கு ஒரு சம்பவம் கிடைத்துவிட்டது. டிபன் கேரியரில் அடைத்து அறைத்தோழிகளிடம் வாசித்துக் காட்டினேன்.

மார்ச் மாதம் விடுதியில் தினமும் காலை ஆறரைக்கு ஃபியூஸ் போயிற்று. அறுபது பெண்கள் வேலைக்குக் கிளம்பும் நேரம். வார்டன் மயிலாத்தாள் அறை அறையாகப் புகுந்து பதினேழு கெட்டில்களைப் பறிமுதல் செய்தார். மறுநாள் சாப்பாட்டுக்கூடச் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டப்பட்டிருந்தது. தளவாரியாகப் பத்துப் பத்து நிமிடம் கெட்டில் போட்டால் ஃபியூஸ் போகாது. ஆகவே கெட்டில்களைத் திருப்பித் தரலாம். கையெழுத்து இல்லை. வார்டன் கிழித்தார். மறுபடி ஒட்டப்பட்டது. ஆறு நாள், ஆறு நோட்டீஸ். அந்த ஆறு நாளும் எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு சுவர்தான் பேசியது. ஏழாம் நாள் கெட்டில்கள் திரும்பி வந்தன. பிறகு ஃபியூஸ் போகவே இல்லை.

"நில்லு, நில்லு," என்றாள் சௌடேஸ்வரி. "ஒட்டப்பட்டிருந்துச்சா? யாரு ஒட்டுனா?"

"நான்தான்."

"நீயா? மேல்மாடி நர்மதாதான்னு நெனச்சு அவளுக்கு லட்டு வாங்கிக் குடுத்தேன் புள்ள! அவளும் வாங்கித் தின்னுட்டா!"

"ஒரு வார்த்த பறஞ்சியா நீ?" என்று ஜெஸிந்தா தலையணையை எறிந்தாள். மூன்று மாதமாக நான் பேசாமல் இருந்தது அவர்களுக்கு ஏன் இவ்வளவு கோபத்தைத் தருகிறது என்று புரியவில்லை. ஆனாலும் கதை நல்ல கதை என்று இருவரும் ஒப்புக்கொண்டார்கள். சுவர் பேசிய வரி எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

ஜூன் 17, செவ்வாய்

மாலையில் கதவு தட்டப்பட்டது. வார்டன். அறையில் நான் மட்டும்.

"அம்மிணி, கதவச் சாத்து."

"முப்பதாம் தேதி இன்னும் ஆகலையே மேடம்."

"அதுக்கு வரல கண்ணு." கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். நான்கு வருடத்தில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. "எனக்கு ஒரு எடத்துல வார்டன் வேலைக்கு இன்டர்வியூ வந்திருக்குது. எந்த எடம்னு கேக்காத. காரியம் முடியற வரைக்கும் எங்கூட்டுல பேர வெளிய சொல்றதில்ல. எங்கண்ணன் பொண்ணு பாக்கப் போறப்ப ஊர் பேரச் சொல்லிப்போட்டு மூணு சம்பந்தம் போச்சு."

எனக்கும் உவப்பான வழக்கம். நானும் ஓர் இடத்துக்கு முயல்கிறேன், பெயர் சொல்லமாட்டேன் என்றேன். ஒருவர் அடக்கத்தை ஒருவர் மெச்சிக்கொண்டோம்.

அங்கே தனி வீடு தருகிறார்களாம். அவர் கணவர் பதினோரு வருடமாகத் தாராபுரத்தில் தனியாக இருக்கிறார். "ஞாயித்துக்கெழம வருவாரு. ஆம்பளைங்கள கேட்டுக்குள்ள விடக்கூடாதுன்னு ரூலு. ரூலு போட்டதே நாந்தான். எதுத்தாப்புல பேக்கரில உக்காந்து பேசிட்டுப் போவாரு. பதினோரு வருசமா பப்ஸு தின்னு சலிச்சுப்போச்சு கண்ணு."

நேர்முகக் கேள்விகளுக்கு நான் பதில் எழுதித் தர வேண்டுமாம். "கஷ்டமான ஆளு ஒருத்தரப் பத்திச் சொல்லோணுமாமா. மார்ச்சு மாசம் கெட்டிலு பிரச்சன ஞாபகம் இருக்குதா?"

இருக்கிறது என்றேன்.

"அந்த நோட்டீஸ ஒவ்வொரு நாளும் கிழிச்சேன். கிழிச்சுப்போட்டு, ரூமுக்குக் கொண்டுபோயி ஒட்டவெச்சுப் படிச்சேன். சரியாத்தான எழுதிருக்குதுன்னு ஆறாம் நாளு எலக்ட்ரீசியனக் கூப்புட்டேன். அவன் என்ன சொன்னான் தெரியுமா? கெட்டிலு மட்டும் காரணம் இல்லீங்க, அதே நேரத்துல டேங்க் மோட்டார் ஓடுதுன்னான். மோட்டார அஞ்சு மணிக்கு மாத்துனேன். கெட்டிலத் திருப்பிக் குடுத்தேன். நோட்டீஸ் எழுதுன ஆளு மொத நாளே வந்து மூஞ்சியப் பாத்துச் சொல்லிருந்தா அன்னிக்கே முடிஞ்சிருக்கும்."

மோட்டார் பற்றி எனக்குத் தெரியாது. பத்து நிமிட அட்டவணையால்தான் ஃபியூஸ் பிழைத்தது என்று மூன்று மாதமாக நம்பிக்கொண்டிருந்தேன். என் டிபன் கேரியரின் கடைசி அடுக்கு காலி.

"யாரு எழுதினதுன்னு தெரியுமா மேடம்?"

"தெரியாமயா? ஹாஸ்டல் நோட்டீசுல அரைப்புள்ளி வெச்சு எழுதற ஆளு இங்க வேற யாரு இருக்கா?"

எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டேன்.

ஜூன் 18, புதன்

வார்டனுக்கான பதிலை எழுதி முடித்தேன். என்னுடையதைவிட நன்றாக வந்திருக்கிறது. அதில் வரும் கஷ்டமான நபர் உயிரோடு இருக்கிறாள். யாரிடமும் எதையும் நேரில் சொல்லாதவள். சொல்லாததையே ஒரு பெருமையாக வைத்திருப்பவள். அவளை வாசிப்பவர்களுக்குக் கொஞ்சம் எரிச்சலும் கொஞ்சம் இரக்கமும் வரும்.

சுவர் பேசிய வரியை அதிலும் சேர்த்தேன். நல்ல வரியை ஒரு முறை மட்டும் பயன்படுத்துவது வீண்.

என் பதிலை மாற்ற வேண்டுமா என்று யோசித்தேன். அதில் பொய் எதுவும் இல்லை. மோட்டார் மட்டும் இல்லை.

ஜூன் 21, சனி

வார்டனுக்கு ஒத்திகை. இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு, பள்ளி ஆண்டுவிழாவில் செய்யுள் ஒப்பிக்கும் பிள்ளை மாதிரி ஒப்பிக்கிறார். மூச்சு விட வேண்டிய இடங்களில் வணக்கம் சொல்கிறார்.

"இந்தச் சுவத்து வரி வேண்டாம் கண்ணு. சுவரு எங்கியாச்சும் பேசுமா?"

"அது இருக்கட்டும் மேடம்."

"வாயில நிக்க மாட்டீங்குது."

"நிக்கும்."

இருபது முறை சொல்லவைத்தேன்.

ஜூன் 24, செவ்வாய்

ஜெஸிந்தாவின் துப்பட்டா, சௌடேஸ்வரியின் கைக்கடிகாரம், என் கால்கள். பத்து மணிக்கு அலுவலகம். காத்திருப்போர் பெஞ்சில் எல்லாப் பணிகளுக்கும் வந்தவர்கள் கலந்து உட்கார்ந்திருந்தார்கள். பெஞ்சின் கோடியில் கஞ்சி போட்ட சேலையில் வார்டன் மயிலாத்தாள்.

இருவரும் கொஞ்ச நேரம் எதிர்ச்சுவரைப் பார்த்தோம். பிறகு அவர் நகர்ந்து நகர்ந்து பக்கத்தில் வந்தார்.

"இந்த எடமா அம்மிணி?"

"கிரைண்டர் கம்பெனிக்கு மேடம். நீங்க?"

"காலேஜு ஹாஸ்டலுக்கு. ஒரே மொதலாளியா? பேரச் சொல்லித் தொலைச்சிருக்கலாம்."

"நானும்தான்."

"சரி, நீ என்ன கதை சொல்லப்போற?"

நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது. "அய்யோ," என்றார். அதற்குள் "மயிலாத்தாள்!" என்று கூப்பிட்டுவிட்டார்கள்.

இருபது நிமிடம். இன்னொரு சம்பவம் தேடி என் இருபத்தாறு வருடத்தையும் துழாவினேன். தலைகீழ் வயிறு ஒன்றுதான் அகப்பட்டது. வார்டன் வெளியே வந்தார். முகம் மலர்ந்திருந்தது. சுவர் வரி வாயில் நின்றுவிட்டது என்று தெரிந்தது. அவர் ஏதோ சைகை காட்டினார். அதைப் புரிந்துகொள்ளும் முன் என் பெயரைக் கூப்பிட்டார்கள்.

உள்ளே மிருதுளா என்ற ஹெச்.ஆர். பெண்மணி. பக்கத்தில் டீயில் பிஸ்கட் நனைத்துக்கொண்டு ஒரு பெரியவர், கிரைண்டர் தொழிற்சாலை மேலாளராம். மூன்றாவது கேள்வியே அதுதான்: கஷ்டமான நபர்.

"மார்ச் மாசம் எங்க விடுதியில..."

மிருதுளா பேனாவைக் கீழே வைத்தார். "ஃபியூஸா?"

"ஆமா மேடம்."

"பதினேழு கெட்டிலா?"

"ஆமா."

பெரியவரின் பிஸ்கட் டீக்குள் விழுந்தது. "சொல்லும்மா, சொல்லு. நிறுத்தாத," என்றார்.

வேறு வழியில்லாமல் சொன்னேன். "அந்த ஆறு நாளும் எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல" என்று நான் தொடங்க, "ஒரு சுவருதான் பேசுச்சு" என்று மிருதுளா முடித்தார். வெளியே இருக்கும் வார்டனம்மாவை வரச் சொன்னார்கள். அவர் என் பக்கத்து நாற்காலியில், சாட்சி சொல்ல வந்தவர் மாதிரி உட்கார்ந்தார்.

"ஒரே சம்பவம்," என்றார் மிருதுளா. "அவங்க கதையில கஷ்டமான ஆள் நீங்க. உங்க கதையில அவங்க. எதை நம்பறது?"

வாழ்க்கையில் முதல்முறையாக நான் யோசிக்கவில்லை.

"அவங்க சொன்னதுதான் சரி மேடம். மோட்டாரைக் கண்டுபிடிச்சு மாத்தினது அவங்க. நான் அதைச் சொல்லாம விட்டேன். கஷ்டமான ஆள் நான்தான்."

"அதெல்லாம் இல்லீங்க மேடம்," என்றார் வார்டன். "ஒரு வார்த்த கேக்காமக் கொள்ளாமக் கெட்டிலப் புடுங்குனது நானு. நாந்தானுங்க கஷ்டமான ஆளு."

"அவங்க கெட்டிலைத்தான் புடுங்கினாங்க. நான் நாலு வருஷமா அவங்க முகத்தைப் பாத்துப் பேசினதே இல்ல."

"ஆறு தடவ நோட்டீஸக் கிழிச்சேனுங்க!"

"நான் ஏழாவதும் எழுதி வச்சிருந்தேன்!"

வார்டன் என் பக்கம் திரும்பினார். "ஏழாவதா? நான் பாக்கலியே?"

"ஒட்டலை."

"என்ன எழுதியிருந்த கண்ணு?"

"இங்க சொல்ல முடியாது மேடம்."

பெரியவர் சிரித்த சிரிப்பில் டீ மேசையெல்லாம் ஓடியது. மிருதுளா தாள்களைத் தூக்கிக்கொண்டே, இரண்டு பதிலும் ஒரே கை எழுதிய மாதிரி இருக்கிறதே என்று கேட்டார். வார்டன் என்னைச் சுட்டிக்காட்டினார்.

"உங்களைக் கஷ்டமான ஆள்னு நீங்களே எழுதிக் குடுத்தீங்களா? அதுவும் இவ்ளோ மோசமா?"

"மோசமா இல்ல மேடம்," என்றேன். "நல்லா வந்திருந்தது."

ஒரே பேருந்தில் திரும்பினோம். ஏழாவது நோட்டீஸில் என்ன இருந்தது என்று வார்டன் கேட்டார். சொன்னேன். டிக்கெட்டை நாலாக மடித்தார். பிறகு, "அது நாயந்தான்," என்றார்.

ஜூன் 26, வியாழன்

வார்டனுக்கு வேலை கிடைத்துவிட்டது. ஜூலை ஒன்றாம் தேதி சேர வேண்டும். தன் தவறைத் தானே முந்திக்கொண்டு ஒப்புக்கொள்ளும் வார்டனை அவர்கள் இதுவரை பார்த்ததில்லையாம்.

எனக்கும் மிருதுளாவே போன் செய்தார். மிகவும் அன்பாகப் பேசினார். "உங்க எழுத்து ரொம்பப் பிடிச்சுது. ஆனா இது உடனே வாயில பதில் சொல்ல வேண்டிய வேலை. மாவு அரைபடலைன்னு கூப்பிடறவங்க வீட்டுச் சுவத்துல நாம நோட்டீஸ் ஒட்ட முடியாதில்லையா?"

முடியாதுதான். நியாயமான ஆட்சேபம்.

ஜூன் 27, வெள்ளி

அம்மாவிடம் வேலை போனதைச் சொல்லிவிட்டேன்.

"எனக்குத் தெரியும்டி," என்றாள்.

"எப்படி?"

"ஃபேன் மாட்ட வந்தவன் பேரு செபாஸ்டியன்னு சொன்னியே. பத்து வருஷமா எதுத்த வீட்ல இருக்கவங்க பேரு உனக்குத் தெரியுமா? நீ என்னைக்கு ஒருத்தன்கிட்ட பேரு கேட்டிருக்க?"

எதிர்வீட்டுக்காரர் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொண்டேன். வெள்ளைச்சாமி.

"முப்பதாந்தேதி வந்துரு. உன் ரூம அப்படியேதான் வச்சிருக்கேன்," என்றாள். சரி என்றேன்.

ஜூன் 29, ஞாயிறு

மூட்டை கட்டினேன். துணி ஒரு பை. புத்தகம் ஏழு அரிசிச் சாக்கு. சௌடேஸ்வரி ஊசியும் சணலும் கொண்டுவந்தாள். சாக்குகளின் வாயைத் தைத்துத் தருகிறேன் என்று ஆரம்பித்து, எல்லாவற்றையும் அவிழ்க்கவே முடியாதபடி தைத்துவிட்டு, கோணல் கோணலாகத் தைத்துவிட்டேன் என்று பிரித்தாள். சாயங்காலம் வரை இதையே செய்துகொண்டிருந்தாள்.

ஜெஸிந்தா என்னைத் தன் மருத்துவமனையில் நோயாளியாகச் சேர்த்துவிட்டால் என்ன என்றாள். "ஒரு மாசம் படுத்துக் கிடக்கலாம் மக்களே. வெள்ளை ரொட்டி தருவாவ." என்ன நோய் என்று கேட்டேன். "ஊமை," என்றாள். பிறகு அவளுக்குச் சளி பிடித்துக்கொண்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டே இருந்தாள். அது எனக்கும் தொற்றிவிட்டது. ஜூன் மாதக் காற்று ஈரமானது.

நல்ல ஜன்னல்.

ஜூன் 30, திங்கள்

காலை பத்து மணிக்கு வார்டன் தன் கடைசிச் சரிபார்ப்புக்கு வந்தார். சௌடேஸ்வரி மில் அடையாள அட்டையைக் காட்டினாள். ஜெஸிந்தா மருத்துவமனைக் கடிதத்தைக் காட்டினாள். நான் சாக்குகளைக் காட்டினேன்.

வார்டன் பதிவேட்டை மூடி, என்னைத் தன் அறைக்கு வரச் சொன்னார். அங்கே விடுதி அறக்கட்டளைச் செயலாளர் ஸ்பீக்கரில் பேசிக்கொண்டிருந்தார்.

"நாளைக்கே போறேன்னா எப்புடிங்க மயிலாத்தா? ஒரு நாள்ல வார்டனுக்கு நான் எங்க போறது?"

"இங்கியே ஒரு அம்மிணி இருக்குதுங்க. புது ஆளு வர்ற வரைக்கும் பொறுப்பா போடலாமுங்க. மாசம் ரெண்டு ஆனாலும் பாத்துக்கும்."

"யாரு, அந்த முப்பத்திரெண்டா? அது பேசுமா?"

"எழுதுமுங்க."

"அறுவது பொம்பளைங்க தண்ணி வல்லேன்னு வந்து நிக்கறப்ப எழுதிட்டு உக்காந்திருக்க முடியுமா? அந்தப் புள்ளயவே கேக்கறேன், குடுங்க."

வார்டன் போனை என் பக்கம் தள்ளினார்.

"ஏம்மா, உனக்கு எதுக்கு இந்த வேலை?"

நீலக் கோட்டுக்காரர் இந்தக் கேள்விக்கு நாற்பது நிமிடக் காணொளி போட்டிருக்கிறார். நிறுவனத்தின் வளர்ச்சியில் பங்கு பெற, என்று தொடங்க வேண்டும். நிறுவனம் வளர்ந்தால் என்ன, தேய்ந்தால் என்ன? பின்னால் கதவோரம் யாரோ மூக்கை உறிஞ்சுவது கேட்டது. இரண்டு மூக்குகள்.

"எனக்கு இங்கேயே இருக்கணும் சார்," என்றேன். "இவங்களை விட்டுட்டுப் போக முடியாது. அதனாலதான். வேற காரணம் ஒண்ணும் இல்ல. தண்ணி வரலைன்னா மேல போய் மோட்டாரைப் பாப்பேன். அப்பவும் வரலைன்னா உங்க வீட்டுக்கு வந்து கதவைத் தட்டி உங்க முகத்தைப் பாத்தே சொல்லுவேன்."

மறுமுனையில் சற்று நேரம் சத்தமே இல்லை. இணைப்பு போய்விட்டதோ என்று நினைத்தேன்.

"வூட்டுக்கெல்லாம் வர வேண்டாம்மா," என்றார் செயலாளர். "போன் பண்ணு, போதும்."

வேலை செய்யும் இடம் என்ற கட்டத்தில் வார்டன் என் பெயருக்கு நேரே எழுதினார்: இவ்விடுதி.

ஜூலை 1, செவ்வாய்

வார்டனின் கணவர் தாராபுரத்திலிருந்து டெம்போ கொண்டுவந்தார். கேட்டுக்கு வெளியிலேயே நின்றார். உள்ளே வரலாமா என்று என்னைக் கேட்டார். பொறுப்பு வார்டன் என்ற முறையில் முதல் முடிவு எடுத்தேன்: பத்து நிமிடம், பீரோவைத் தூக்க மட்டும். மயிலாத்தாக்கா டெம்போவில் ஏறிய பிறகும் சாவிக்கொத்தை விடாமல் வைத்திருந்தார். டெம்போ நகர்ந்த பிறகுதான் தூக்கிப் போட்டார். எனக்குப் பிடிக்கத் தெரியவில்லை. சாக்கடைக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது.

பிறகுதான் விதிகளை முதலிலிருந்து வாசித்தேன். வார்டன் கீழ்த்தள அறையில்தான் தங்க வேண்டுமாம். அதற்கு ஜன்னல் இல்லை. கேட்டைப் பார்க்க ஓர் ஓட்டை மட்டும் இருக்கிறது. என் ஏழு சாக்குகளும் மேலேயிருந்து கீழே வந்தன. முப்பத்திரண்டாம் அறையில் ஒரு கட்டில் காலி என்று என் கையாலேயே எழுத வேண்டியதாயிற்று.

மாலை ஆறு மணிக்குக் கதவு தட்டப்பட்டது. சௌடேஸ்வரி விறைப்பாக நின்றாள். பின்னால் ஜெஸிந்தா. இருவர் கையிலும் தலையணை.

"மேடம், ஒரு கம்ப்ளெயின்டு."

"என்ன?"

"எங்க ரூமுல ஒரு ஆளக் காணோம்."

"எழுதிக் குடுங்க," என்றேன்.

"எழுத மாட்டோம். வாயிலதான் சொல்லுவோம்."

பதினான்காம் விதியை எடுத்தேன். வார்டன் அறையில் விடுதிவாசிகள் எக்காரணம் கொண்டும் தங்கக் கூடாது. இருவருக்கும் கேட்கும்படி முழுவதையும் சத்தமாக வாசித்துக் காட்டினேன். ஜெஸிந்தா கடைசி வரி வரைக்கும் பொறுமையாகக் கேட்டாள். பிறகு, தலையணையை எந்தப் பக்கம் போடுவது என்று கேட்டாள்.